அமலராணி ஒட்டிய கப்பல்

முடிச்சூர் சாலையில் சவுரிமுத்துவின் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கப்பல்காரர் வூடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அப்போது அங்கே வீடுகளே குறைவு. நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலைந்து காலி மனைகள், அவற்றில் முள்செடி, மழை வந்தால் தவளை. அந்த வீட்டில் வருஷத்தில் பெரும்பகுதி அவர் மனைவி, டீச்சர் செலின்மேரியும் மகள் அமலராணியும் மட்டும்தான். சவுரிமுத்து சரக்குக் கப்பலில் ஃபிட்டர். போனால் எட்டு மாதமோ பத்து மாதமோ. வந்தால் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார்.

அமலராணி பயந்த பிள்ளை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், தாம்பரம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸுக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கை சில்லிட்டுப் போகும். அம்மா கடைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இது இப்படிப் பயந்தா நாளைக்கு எப்படிம்மா குடும்பம் பண்ணும்?" என்று அடுத்த மனைக்காரி தனம் கேலி செய்வாள்.

அந்தப் பயம் அவளை விட்டு விலகி நிற்கும் நேரம் ஒன்று உண்டு. அப்பா ஜப்பானிலிருந்து வாங்கி வரும், ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மைச் செட்டைப் பிரித்துத் தரையில் பரப்பும் நேரம்.

முதலில் வந்தது உள்ளங்கை அளவு ஏரோப்ளேன். அட்டைப்பெட்டி மேல் மேகம் கிழித்துப் பறக்கும் படம். உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் கொடியில் காய் தொங்குகிற மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன. பக்கத்தில் குட்டி எண்கள். விளக்கத் தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் படத்துக்கு மொழி வேண்டுமா? ஒன்றோடு இரண்டு, மூன்றோடு நான்கு என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். அவளே நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தாள். வெட்டிய இடத்து முள்ளைப் பழைய பிளேடால் சீவினாள். டியூபிலிருந்து குண்டூசி முனையில் பசையைத் தொட்டு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தினாள். அந்தப் பசையின் வாசனை மூக்கில் ஏறி நெற்றிவரை குளுகுளுவென்று போகும். கடைசியில் தண்ணீரில் நனைத்து எடுக்கும் ஸ்டிக்கர். காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து இறக்கையில் உட்காரும்போது அவளுக்குச் சிரிப்பு வரும்.

சவுரிமுத்து ஒருமுறை தானும் கை கொடுக்கிறேன் என்று உட்கார்ந்து, புரொபெல்லரை இரண்டாக ஒடித்துவிட்டார்.

"அப்பா, நீங்க தொடாதீங்க. சும்மா பாருங்க."

"சரிம்மா சரிம்மா. கப்பல் இன்ஜினே என் கையில அடங்குது, இது அடங்கலையே" என்று சிரித்துக்கொண்டு எழுந்துபோனார்.

அடுத்த முறை ஒரு ரேஸ் கார். அதற்கடுத்து, எண்பத்தைந்தாம் வருஷம் கோடை விடுமுறைக்கு வந்தபோது, அவள் கை நீளத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் வந்தது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. பெட்டிப் படத்தில் கப்பலின் மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி சிவப்பு. மேலே மஞ்சள் கிரேன்கள், வெள்ளைக் கட்டடம் மாதிரி அடுக்கு, புகைபோக்கி.

"நீங்க எங்கப்பா நிப்பீங்க? இங்கயா?" என்று மேல்தளத்தைக் காட்டினாள். அவள் மனதில் அப்பா எப்போதும் காற்றில் சட்டை படபடக்கக் கைப்பிடியில் சாய்ந்து நிற்பவர்.

சவுரிமுத்து விரலைக் கீழே கொண்டுபோய், சிவப்புப் பகுதியில் பின்பக்கமாக வைத்தார். "இங்கம்மா. இன்ஜின் ரூம். இதெல்லாம் தண்ணிக்குக் கீழ."

"தண்ணிக்குக் கீழயா?"

"ஆமா. சுத்தி இரும்பு. இரும்புக்கு அந்தப் பக்கம் கடல்."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அன்றிலிருந்து பெட்டியில் அந்தச் சிவப்பைப் பார்த்தாலே, ஜன்னல் இல்லாத ஓர் அறையும் அதன் வெளியே கறுப்புத் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. ஜூன் மாதம் அவர் கிளம்பிப் போனார்.

போன பிறகு கிரேன்களை ஒட்டினாள். வெள்ளை அடுக்குகளை ஒட்டினாள். அடிப்பாகத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தபோது, இடது பாதியும் வலது பாதியும் சரியாகப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் லேசாக வளைந்திருந்தது. பசை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தாள். முன்பக்கம் பிடித்துக்கொண்டது. பின்பக்கம், சரியாக அப்பா விரல் வைத்த இடத்தில், நகம் நுழையும் அளவு இடைவெளி வாய் பிளந்து நின்றது. டியூபைப் பிதுக்கினாள். உள்ளே பசை காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது.

"அப்பா வரும்போது வேற பசை வாங்கிட்டு வருவாரு, அப்ப ஒட்டிக்க" என்றாள் செலின்மேரி. கப்பல் ஜன்னல் திட்டில் ஏறியது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. ஒரு நாள் காலை, மாடிவீட்டுத் தயாளன் குடையில்லாமல் ஓடி வந்தார். அவர் டெலிபோன் இலாகாவில் லைன்மேன். அந்தத் தெருவுக்கே ஃபோன் அவர் வீட்டில்தான். தனத்தின் புருஷன்.

"டீச்சரம்மா, பீச் ஸ்டேஷனாண்டேந்து ஃபோன். உங்க வூட்டுக்காரர் கம்பெனி ஏஜெண்டாம்." அவர் மூச்சு வாங்கினார். "சீனா பக்கம் இன்னாவோ பெரிய புயலாம். கப்பல்லேந்து ரெண்டு நாளா ஒரு தகவலும் இல்லியாம். பயப்படாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

செலின்மேரி பள்ளிக்குப் போகச் சேலையை மடித்துக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். கொசுவத்தைப் பிடித்த கையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அதுதான் அமலராணிக்கு அதிகப் பயமாக இருந்தது.

அவள் திரும்பி ஜன்னல் திட்டைப் பார்த்தாள். கப்பல் இருந்தது. இடைவெளியும் இருந்தது.

அந்த வயதில் மனம் எப்படி முடிச்சுப் போடும் என்று யாருக்குத் தெரியும்? அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் ஏறுகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது உடனே நிச்சயமாகிவிட்டது. இதை அடைத்தால் அதுவும் அடைபடும். அடைக்காவிட்டால் அப்பா அந்த அறையில் இருக்கிறார்.

அம்மா ஜெபமாலையும் கையுமாக மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டபோது, அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தனியாகச் சாலைக்குப் போனதே இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. எது மேடு எது பள்ளம் என்று தெரியவில்லை. மின்கம்பத்தடியில் நனைந்த நாய்கள் கூட்டமாக நின்று அவளைப் பார்த்தன. மற்ற நாளாக இருந்தால் திரும்பியிருப்பாள். உதட்டுக்குள் அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே நாய்களைத் தாண்டினாள்.

சாலை முனையில் சின்னப்பனின் பஞ்சர் கடை. கீற்றுக்குக் கீழே கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு அவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, இந்த மழையில? சைக்கிள் எங்க?"

"சைக்கிள் இல்லண்ணா. கொஞ்சம் சொல்யூஷன் வேணும்."

"எதுக்கு?"

"கப்பல் ஒட்ட."

"கப்பலுக்கே பஞ்சரா?" என்று சிரிக்கத் தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நீ கப்பல்காரர் பொண்ணுதான? அம்மாவுக்கு நீ வந்தது தெரியுமா?" அவள் கையை நீட்டினாள். அவர் ஒரு சோடா மூடியைத் துடைத்து, டியூபிலிருந்து சொல்யூஷனைப் பிதுக்கி, மேலே காகிதம் மூடிக் கொடுத்தார். "நெருப்பாண்ட வெச்சிடாத. ஓரமாப் போ, கம்பம் பக்கம் போவாத. சுருக்கா வூட்டுக்குப் போ."

வீட்டுக்கு வந்து, கதவோரம் உட்கார்ந்து, தீக்குச்சியால் அந்த இடைவெளி நெடுகச் சொல்யூஷனை வழித்துப் பூசினாள். அவசரத்தில் வெளியேயும் வழிந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடக் கூடாது, விட்டால் போயிற்று என்று பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரலுக்குக் கீழே பிளாஸ்டிக் இளகுகிற மாதிரி இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். சொல்யூஷன் பட்ட இடமெல்லாம் வெளிறிப்போய், அவள் அழுத்திய இடத்தில் சிவப்பு உள்ளே அமுங்கியிருந்தது. மெல்லிய விளிம்பு சுருண்டு, நகம் நுழைந்த இடைவெளியில் இப்போது சுண்டுவிரலே நுழையும்.

கப்பலைத் திருப்பி, கெட்டுப்போன பக்கம் சுவரைப் பார்க்க, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வரவில்லை. குளியலறை ஜலதாரையிலிருந்து குபுகுபுவென்று மேலே கொப்பளித்து வந்தது. கட்டில் கால் நனைந்தது. பிறகு அடுப்படி. தயாளனும் தனமும் வந்து, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, இருவரையும் தங்கள் மாடிக்கு அழைத்துப்போனார்கள். மாடிப்படி ஏறிய பிறகுதான் அமலராணிக்குக் கப்பல் நினைவு வந்தது.

"அம்மா, கப்பல்! கப்பல எடுக்கணும்!"

"சும்மா இருடி."

"தண்ணி அதுக்குள்ள போயிடும்மா. நான் போறேன், விடுங்கம்மா!"

அவள் படியிறங்கி ஓடப் பார்த்தாள். செலின்மேரி எட்டிப் பிடித்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை மகளை அடித்ததே இல்லாதவள். "அங்க ஒருத்தர் இருக்காரா இல்லையான்னே தெரியல, உனக்குப் பொம்மை கேக்குதா?"

அப்போதுதான் அமலராணி எல்லாவற்றையும் கொட்டினாள். சரியாக ஒட்டாதது, சொல்யூஷன், உருகிப் போனது, அப்பா விரல் வைத்த இடம். "நான்தாம்மா ஓட்டை போட்டுட்டேன். அப்பா அங்கதான் இருக்காரு."

செலின்மேரி மகளையே பார்த்தாள். ஆறுதல் சொல்வாள் என்று பக்கத்தில் நின்ற தனம் எதிர்பார்த்தாள். செலின்மேரி சொன்னது வேறு.

"நீ இல்லடி. நான். ஒவ்வொரு தடவையும் அவர் கெளம்பும்போது கேட்டாண்ட நின்னு நெத்தியில சிலுவை போட்டுத்தான அனுப்புவேன்? இந்தத் தடவ பால் பொங்குதுன்னு உள்ள ஓடினேன். வர்றதுக்குள்ள ஆட்டோ போயிடுச்சு. ஜூன்லேந்து அதையேதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லல."

ஒருவர் பயம் மற்றவருக்குத் தெரியாமல் ஒரே வீட்டில் இத்தனை மாதம் இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் தன்னைப் போலத்தான் என்று தெரிந்தபோது அமலராணிக்குத் தைரியம் வரவில்லை. பயம் கூடத்தான் செய்தது. பெரியவர்களுக்கும் தெரியாதென்றால் யாருக்குத்தான் தெரியும்? இரண்டு பேரும் நனைந்த துணியோடு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபோன் செத்துப்போயிருந்தது. ரயில் ஓடவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டு ஜன்னல் தெரியும். தண்ணீர் திட்டைத் தொட்டுவிட்டதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முள்செடி உச்சியில் ஒரு பாம்பு சுற்றிக்கொண்டு கிடந்தது. அதைக் கண்டுகூட அவள் நகரவில்லை. ஜன்னல் திட்டு மறைந்துபோனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மழை விட்டு, தண்டவாளம் வெளியே தெரிந்து, வண்டி ஓடத் தொடங்கிய அன்றே தயாளன் பீச்சுக்கு, அந்த ஏஜெண்டைப் பார்க்கக் கிளம்பினார். அவர் போனதிலிருந்து செலின்மேரி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் சேற்றில் கால் புதைய அவர் திரும்பி வருவது தூரத்தில் தெரிந்தது. தலை குனிந்திருந்தது. சேற்றைப் பார்த்து நடக்கிறாரா, வேறு காரணமா என்று தெரியவில்லை. அமலராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கீறாரும்மா!" என்று அங்கிருந்தே கத்தினார் அவர். "உசுரோட கீறாரு! வேற கப்பல்காரன் தூக்கிக்கினு போயிருக்கான்! ஹாங்காங்ல ஆஸ்பத்திரில கீறாராம்!"

கப்பல் போய்விட்டது. கூட இருந்தவர்களில் சிலரும் போய்விட்டார்கள். அதைத் தயாளன் மெதுவாக, படியேறி வந்த பிறகுதான் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சவுரிமுத்து வந்தார். அதற்குள் செலின்மேரி சேறு படிந்த பாய், தலையணை, புத்தகங்களோடு அந்தப் பிளாஸ்டிக்கையும் அள்ளி வெளியே போட்டிருந்தாள். ஏரோப்ளேன், கார் எதுவும் மிஞ்சவில்லை. வந்தவர் பழைய சவுரிமுத்து இல்லை. கதவைச் சாத்திய அறையில் படுக்க மாட்டார். பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கையிலிருக்கும் டம்ளர் ஆடும். மறுபடி கப்பலேறவில்லை. பெருங்களத்தூர்ப் பக்கம் பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்துகொண்டார். கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, யாரும் கேட்டதில்லை. இனி இந்த வீட்டில் செட்டும் கிடையாது, கப்பல் என்ற சொல்லும் கிடையாது என்று யாரும் சொல்லாமலே அமலராணிக்குப் புரிந்தது.

ஆனால் ஆசை போகவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். வளர்ந்து, படித்து, குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆன பிறகும், பஞ்சர் கடையைத் தாண்டும்போது அந்தச் சொல்யூஷன் வாசனை வந்தால் நடை தானாகத் தளரும். அது அந்தப் பழைய பசையின் வாசனையும் இல்லை. என்றாலும் ஒரே நேரத்தில் பயமும் வரும், விரல் நுனியும் அரிக்கும். பற்பசை டியூபின் மூடி, பேனாவின் கிளிப் என்று எதையாவது கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். தரையில் கால் மடக்கி உட்கார்ந்து, ஒன்றோடு இரண்டைச் சேர்த்து, உலகத்தையே மறந்திருந்த அந்தப் பிள்ளையை அவள் ரொம்பத் தேடினாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் கூடவே தண்ணீரும் வந்துவிடும்.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். கணவன் தனசிங்குக்குக் கிண்டியில் வேலை. ஊரப்பாக்கத்தில் வீடு. அடுத்த வருஷம் செலின்மேரி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, சவுரிமுத்துவும் மகளோடு வந்துவிட்டார். முன்னறையில், கதவில்லாத வாசலுக்கு நேராகக் கட்டில் போட்டுக்கொண்டார்.

தொண்ணூற்றாறில் ஒருநாள் டேப்ரெக்கார்டர் வாங்க பர்மா பஜாருக்குப் போன இடத்தில், கால்குலேட்டர்களுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவே அந்தப் பெட்டியைப் பார்த்தாள். ஏரோப்ளேன். அதே மாதிரி மேகம். தனசிங் கேட்டான், "என்ன, முகம் இப்படி வேர்க்குது?" அவள் பெட்டியை வாங்கிப் பைக்குள் அடியில் போட்டு, மேலே துண்டை மூடினாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வயதுக்காரி திருடி மாதிரி நடந்துகொண்டாள். அப்பா சாயங்காலம் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துப் பீரோவிலிருந்து எடுப்பாள். கேட் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் அட்டைக்குள் தள்ளி மூடுவாள். அவர் பார்த்தால் என்ன ஆகும்? மறுபடி அந்த நடுக்கம் வருமோ, மயங்கி விழுவாரோ என்று பயம். விட்டுவிடவும் முடியவில்லை. நகவெட்டி டிக்கென்று நறுக்கும் சத்தத்துக்காகவே நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

ஜூன் மாதம் எதிர்பாராமல் பெருமழை கொட்டியது. மழைக்குப் பயந்து சவுரிமுத்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். மழைச் சத்தத்தில் கேட் சத்தம் அமலராணிக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றுகொண்டிருந்தார். தரையில் சாம்பல் நிறத் துண்டுகள் பரந்து கிடந்தன. அவள் கையில் இறக்கை.

"கப்பலா?" என்றார்.

"இல்லப்பா. ஏரோப்ளேன். ஏரோப்ளேன்தான்பா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவள் துண்டு எடுத்து வந்து அவர் தலையைத் துவட்டினாள். துவட்டும்போது தலை நடுங்குவது துண்டுக்குள் தெரிந்தது. மழையைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"டீ ஃபிளாஸ்க் காலியா இருந்துச்சு. யார் போய் எடுத்துட்டு வர்றதுன்னு பேச்சு. நான் போறேன்னு ஏணியில ஏறினேன். கீழ அந்தோணிசாமி இருந்தான். இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க. நான் மேல போய் ஃபிளாஸ்க்கைத் தொறந்தேன், கப்பல் சாஞ்சிடுச்சு. கீழ இருந்து யாரும் வரல." கையை விரித்துப் பார்த்தார். "சக்கரை அவனுக்கு ரெண்டு கரண்டி போடணும். அதத்தான் நெனச்சிக்கிட்டு ஏறினேன்."

அவர் அழுதார். பதினொரு வருஷமாக அழாததைச் சேர்த்து அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மின்சாரம் போனது. ஏரிக்கரைப் பக்கம் இடி விழுந்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டபோது அவளுக்கும் தூக்கிப்போட்டது.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சவுரிமுத்து கடைசிவரை கதவு சாத்திய அறையில் படுக்கவில்லை. ஆனால் அந்தோணிசாமியின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். கல்லறைத் திருநாளில் அந்தப் பெயருக்குப் பூசை வைக்கச் சொன்னார். ஒருமுறை தூத்துக்குடிக்குப் போய் அவன் தாயாரைப் பார்த்துவிட்டு வந்தார். அமலராணியும் ஏரோப்ளேனைப் பீரோவுக்குள் மறைக்கவில்லை. கூடத்திலேயே தரையில் பரப்பி ஒட்டினாள். அவர் கட்டிலில் இருந்தபடி, வேண்டுமென்றால் பார்ப்பார், வேண்டாமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. மழைக்காலத்தில் தனசிங்கின் ரயில் தாமதமானால், அடுப்பை அணைத்துவிட்டு கேட்டுக்கு வந்து நிற்பாள். இப்போது பக்கத்தில் அப்பாவும் குடையோடு வந்து நிற்பார். தெருமுனையில் தனசிங்கின் சைக்கிள் வெளிச்சம் தெரிந்ததும், "வந்துட்டாரும்மா, போய் சோத்த எடுத்து வை" என்று அவர்தான் முதலில் உள்ளே திரும்புவார்.